அம்மப்பாவின் நாடி ஏன் ஏறவில்லை?

பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் என்னுடைய அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. போன மாதம் வந்த ஒரு குடும்பத்தில் அப்பா இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தடவையும் என் கதவடியில் ஒரு தடவையும் நின்று மூச்சு வாங்கினார். அம்மாவின் கையில் தடித்த கோப்பு. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடைசியாக வந்தான்.

வெள்ளவத்தைக்காரர்கள். மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவை. மூன்று பாடமும் சித்தி, ஆனால் கொழும்பு மாவட்டத்தின் மருத்துவ வெட்டுப்புள்ளிக்கு அவனுடைய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) எட்டாது. கோப்புக்குள் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் வண்ணப் புத்தகமும், ஏஜென்ட் கையால் எழுதிக் கொடுத்த கணக்கும் இருந்தன. அவற்றுக்கு அடியில் கல்வியங்காட்டுக் காணி உறுதி. அதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இவன்ர சித்தப்பா கனடாவில இருந்து பாதி அனுப்புறன் எண்டவர், சேர். மிச்சத்துக்குக் காணியை வைக்கலாம். எப்பிடியும் டொக்டராக்கிப்போட வேணும்" என்றார் அம்மா.

ஆறுதல் சொல்லித்தான் தொடங்கினேன். எல்லோருக்கும் சொல்வதுதான்: பெறுபேறு மோசமில்லை, வயது இருக்கிறது, வழி இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எனக்கே அலுத்துவிட்டது. மகனிடம் திரும்பி, இன்று காலையில் என்ன செய்தீர்கள் தம்பி என்று கேட்டேன்.

"அம்மப்பாவோட மரைன் டிரைவில நடந்தனான்."

அம்மப்பாவுக்குப் போன வருடம் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த உறவுகள் எல்லாம் "படுத்து ரெஸ்ட் எடுங்கோ" என்று சொல்ல, மனிதர் கட்டிலோடு கிடந்தார். பாடசாலையில் 800 மீற்றர் ஓடிய இந்தப் பிள்ளைதான் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் ஒழுங்கைக்குள்ளும் பிறகு கடற்கரைப் பக்கமும் அவரை மெல்ல நடத்தியிருக்கிறான். கொப்பி ஒன்றில் தூரம், நேரம், நாடி எல்லாம் குறித்திருக்கிறான். அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "நான் ஓடினால் நாடி 170க்குப் போகுது. அம்மப்பாவுக்கு மூச்சு வாங்கினாலும் 90க்கு மேல போகுதில்லை. ஏன் சேர்?"

பத்தொன்பது வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த கேள்வி அது. வண்ணப் புத்தகத்தில் அதற்கு விலை போட்டிருக்கவில்லை.

முதலில் பணக் கதையைப் பேசி முடித்துவிடுகிறேன், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. ஏஜென்ட் எழுதும் கணக்கு டொலரில் இருக்கும், உங்கள் வருமானம் ரூபாயில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. பிள்ளை முதலாம் வருடத்தில் இருக்கும்போது வீட்டுக் கடன் ஏறக்குறைய இரட்டிப்பானால் எந்தக் காணி தாங்கும்? படித்து முடித்து வந்தவுடன் ஸ்டெதஸ்கோப் மாட்டவும் முடியாது. வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்களுக்கு இலங்கை மருத்துவ சபை தனிப் பரீட்சை வைக்கிறது. அதில் சித்தியடைந்து, உள்ளகப் பயிற்சியும் முடித்த பிறகுதான் முழுப் பதிவு. அந்தக் கல்லூரியைச் சபை அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் பிள்ளையின் உயர்தரப் பெறுபேற்றை ஏற்றுக்கொள்ளுமா என்று சபையிடமே கேளுங்கள். ஏஜென்டின் சத்தியம் அங்கே செல்லாது.

இதையெல்லாம் தாண்டி நல்ல வைத்தியராக வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தொழில் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் அது வேண்டியிருந்தது சித்தப்பாவுக்கு. ரொறன்ரோவில் நாலு பேருக்குச் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. அதற்காகக் காணி போகக் கூடாது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

சரி, நாடிக் கேள்விக்கு வருவோம். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பீற்றா புளொக்கர் வகை மாத்திரை கொடுப்பது வழக்கம். இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அம்மப்பாவின் மாத்திரைச் சீட்டில் அதுவும் இருந்தது. ஆகவே 220இலிருந்து வயதைக் கழித்துப் பார்க்கும் ஜிம் கணக்கு அவருக்குப் பொருந்தாது. 90ஐப் பார்த்து "இன்னும் வேகமாக நடக்கலாம்" என்று யாராவது முடிவெடுத்தால் ஆபத்து. இந்த இடத்தில் கைகொடுப்பது சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் செய்த ஓர் அளவுகோல். 6இலிருந்து 20 வரை. "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று நடப்பவரையே கேட்டு எண்ணாகக் குறிப்பது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியாது என்பது. ஏன் 6இல் தொடங்குகிறது என்றால், சுகதேகியான இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய நாடி வந்துவிடும். மாத்திரை நாடியை மறைத்தாலும் களைப்பை மறைக்காது.

இது ஒரு முழுத் துறை. இருதயப் புனர்வாழ்வு என்று பெயர். புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்கு முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். அது இல்லை இது. மாரடைப்புக்கோ பைபாஸுக்கோ பிறகு ஒருவரை அளவோடு நடக்க வைத்து, ஏற வைத்து, பயத்தைப் போக்கி, பழைய வேலைக்குத் திருப்பி அனுப்பும் கலை. உடற்கல்வியும் இருதய சிகிச்சையும் சந்திக்கும் இடம்.

இதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிகள் சுவையானவை. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தபோது, அதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. 1966இல் டலஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்து, உடலின் திறன் எவ்வளவு விழுகிறது என்று அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது. "படுத்து ரெஸ்ட் எடுங்கோ" என்று சொன்ன உறவினர்களுக்கு இதை யாராவது போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று பஸ் கதை. லண்டனில் ஜெரி மொறிஸ் என்பவர் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே புகை. நாள் முழுக்க இருந்து ஓட்டும் சாரதிக்கு மாரடைப்பு அதிகம். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி ரிக்கெட் கொடுக்கும் கொண்டக்டருக்குக் குறைவு. காலி வீதியின் 100ஆம் இலக்க பஸ் கொண்டக்டருக்கு மாடிப்படி இல்லை, மிதிபலகையும் நெரிசலும் இருக்கின்றன. அவருடைய நாடியை ஒரு நாள் முழுக்க அளந்து பார்க்க எனக்கு நீண்ட நாள் ஆசை.

இப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் நம் மண்ணில் நிறைய. மாரடைப்புக்கான காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்விலிருந்து 2007இல் வந்த கட்டுரை ஒன்று, இலங்கை உட்பட்ட தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றது. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்தி என்றால் பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள். மேல்நாட்டுப் பயிற்சி அட்டவணை குளிர்தேசத்துக்கு எழுதியது. ஏப்ரல் மாத வெள்ளவத்தைப் புழுக்கத்தில் அறுபது வயதுக்காரர் எத்தனை நிமிடம் நடக்கலாம்? சேலையோடு, வீதியில் நடக்கக் கூச்சப்படும் அம்மாவுக்கு எந்தப் பயிற்சி? லிஃப்ட் பழுதாகும் தொடர்மாடியில் நாலாம் மாடிக்காரர் எப்போது படியேறலாம்? இவற்றுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீற்றர் நீளமான தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் போதும். பெரிய வைத்தியசாலைகளில் செய்யும் ட்ரெட்மில் சோதனையோ, அமெரிக்க இருதய வைத்தியர் றொபேட் புரூஸ் 1963இல் எழுதிய முறைப்படி மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் சரிவையும் கூட்டிப் பார்ப்பது.

இந்தப் பக்கம் போகும் வழி எது? சப்ரகமுவ பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில், பதுளை வீதியில், ஹோட்டன் சமவெளிக்குக் கீழே இருக்கிறது. அங்கே விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் உடற்கல்விக்கும் பட்டப்படிப்புகள் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விளையாட்டு விஞ்ஞானம் உண்டு. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் பலர் கோட்டை விடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறியைக் குறித்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழகம் வைக்கும் சோதனைக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும், பத்திரிகை விளம்பரத்தைத் தவறவிட்டால் அந்த வருடம் போனதுதான். விளையாட்டுச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுங்கள். பாடசாலையில் கேட்டு வாங்க நாட்கள் பிடிக்கும்.

மூடி மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வைத்தியசாலைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் இயன்மருத்துவர்களும் (பிசியோதெரபிஸ்ட்) தாதியரும் வைத்தியர்களும் செய்கிறார்கள். விளையாட்டு விஞ்ஞானப் பட்டத்தோடு போய் வார்டில் நின்றால் யாரும் கதிரை போட மாட்டார்கள். நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலைதான் வேண்டுமென்றால் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் இயன்மருத்துவத்தை முதலில் எழுதுங்கள், அதன் வெட்டுப்புள்ளியும் லேசானதல்ல. உடற்கல்விப் பக்கம் போகிறவர் ஆராய்ச்சி வரை போகத் தயாராக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் உடற்பயிற்சி உடற்றொழிலியலாளர் என்பது அங்கீகாரம் பெற்ற தொழில். பிரித்தானியாவில் இருதயப் புனர்வாழ்வுக்கென்றே தொழில்சார் சங்கம் இருக்கிறது. முதுமாணிக்கு வெளியே போவதானால் அப்போது போகலாம், பிள்ளைக்குத் தன் கேள்வி எதுவென்று தெரிந்த பிறகு. அதுவரை ஆங்கிலத்தைக் கூர்மையாக்க வேண்டும். புள்ளிவிபரவியலைக் கண்டு ஓடக் கூடாது. அந்தக் கொப்பியையும் நிறுத்தக் கூடாது.

இடையில் அம்மா, மகனுடைய தங்கையின் பேச்சை எடுத்தார். அவள் கணிதப் பிரிவு, கலக்சிகளை ஆராயப் போகிறாளாம். சித்தப்பா "சாத்திரம் பார்க்கவோ?" என்று சிரித்தாராம். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கட்டுபெத்தயில் ஆர்தர் கிளார்க் நிறுவகத்தில் இருப்பது 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, தூரத்துக் கலக்சிக்கு அது சிறியதுதான். ஆனால் பெரிய தொலைகாட்டியால் வானத்தைப் படமெடுத்துக் கலக்சிகளைப் பதிவுசெய்யும் ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் தரவுகள் யாருக்கும் இலவசம், வெள்ளவத்தைக் கணினியிலும் திறக்கும். அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் விலக்கி, மாதக் கொடுப்பனவும் தருகிறார்கள். சித்தப்பா சிரித்த படிப்புக்குக் காணி தேவைப்படாமலே போகலாம். அவளைத் தனியாகக் கூட்டி வாருங்கள், நாள் தருகிறேன்.

கிளம்பும்போது அப்பாவிடம், வேறு எதற்கும் முதல் நீங்கள் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, டொக்டர் சொன்னால் ட்ரெட்மில் சோதனையும் செய்யுங்கள் என்றேன். தனக்கு ஒன்றுமில்லை, படிதான் உயரம் என்றார்.

"ரெண்டாம் மாடியில நாற்பது செக்கன் நிண்டனீங்கள் அப்பா. கதவடியில ஒரு நிமிஷத்துக்கு மேல" என்றான் மகன்.

அம்மா கோப்பை மூடி மடியில் வைத்தார். அம்மப்பாவின் கிளினிக் எந்தக் கிழமை என்று மகனிடம் கேட்டார்.