கேள்வி-பதில்: ஜெயித்தது பையன்கள், பேர் வாங்கியது பள்ளி

கேள்வி: 1912-இல் அமெரிக்காவின் கார்லைல் கல்லூரி கால்பந்து அணி, ராணுவ அகாடமி அணியையே 27-6 என்று தோற்கடித்தது. பழங்குடிப் பையன்களுக்கு இப்படி ஒரு வாழ்வு கொடுத்த பள்ளியையும், பயிற்சியாளர் வார்னரையும் இன்று திட்டித் தீர்க்கிறார்களே, நன்றி என்று ஒன்று வேண்டாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்கோரைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் கார்லைல் கல்லூரியே அல்ல. பட்டமெல்லாம் அங்கே கிடையாது. பாதி நாள் பாடம், பாதி நாள் தச்சு, தையல், பண்ணை வேலை. 1879-இல் பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில் அதைத் தொடங்கியவர் பிராட் என்ற ராணுவ அதிகாரி. பிள்ளைக்குள் இருக்கும் பழங்குடியைக் கொன்றுவிட்டு மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. வந்த பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். ஊர் திரும்பாமலே இறந்துபோன பிள்ளைகளின் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. அவர்களுடைய எச்சங்களை 2017-இலிருந்துதான் ஒவ்வொன்றாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்துவருகிறார்கள். நீங்கள் சொல்லும் 'வாழ்வு' இதுதான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நம் ஊர்க் கால்பந்து அல்ல இது. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க வகை. அந்த ஆண்டு கார்லைல் 14 ஆட்டங்களில் 12-ஐ வென்றது, ஒன்றில் சமன், ஒன்றில்தான் தோல்வி. பெரும்பாலும் வெளியூரில்தான் ஆடினார்கள், வசூல் அங்கேதான். அக்டோபர் 26-ஆம் தேதி வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியுடன் ஆட்டம். இரண்டே நாளில் கனடாவின் டொராண்டோவில், அதுவும் ரக்பி விதிகளோடு, இன்னொன்று. இரண்டிலும் ஜெயித்தார்கள். உடம்பு என்ன பாடுபட்டிருக்கும்!

நவம்பர் 9-ஆம் தேதி, ராணுவ அகாடமி இருக்கும் வெஸ்ட் பாயின்ட். முதலில் புள்ளி எடுத்தது ராணுவ அணிதான். அப்புறம் நடந்தது வேறு கதை. கார்லைல் கேப்டன் ஜிம் தார்ப்பை மடக்குவதிலேயே எதிரணி குறியாக இருக்க, அவருடைய சக ஆட்டக்காரர் அலெக்ஸ் அர்காசா மூன்று டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டுவிட்டார். தன் எதிரே நின்ற ஜோ கயானைச் சமாளிக்க முடியாமல் ராணுவ அணியின் கேப்டன் டெவோர் கைநீட்டி, மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். ஒழுக்கம் கற்றுக்கொடுக்கத்தான் பழங்குடிப் பிள்ளைகளை ராணுவக் குடியிருப்பில் அடைத்தார்கள். அன்று மைதானத்தில் ஒழுக்கத்தைக் காற்றில் விட்டவர் யாரென்று பாருங்கள். தார்ப்பைத் தடுக்கப் படாதபாடு பட்டவர்களில் ஐசன்ஹோவர் என்ற இளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான அதே ஐசன்ஹோவர்.

வார்னர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. அவர் வகுத்த வியூகங்களைப் பிறகு பல அணிகள் எடுத்துக்கொண்டன. ஆனால் இடிபட்டதும் ஓடியதும் அவரல்ல.

வார்னருடைய அருமையையும் பார்த்துவிடலாம். தார்ப் அதே ஆண்டு கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கி வந்திருந்தார். 1913 ஜனவரியில், முன்பு அவர் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய விஷயம் பத்திரிகையில் வந்தது. காசுக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் பொய்ப் பெயரில் இதே வேலையைச் செய்தார்கள். தார்ப் சொந்தப் பெயரில் ஆடித் தொலைத்தார். வார்னர் 'எனக்குத் தெரியவே தெரியாது' என்று கைகழுவினார். பதக்கங்கள் பறிபோயின. 1953-இல் தார்ப் இறந்தார். ஒலிம்பிக் கமிட்டி மனம் இரங்கியது 1982-இல். அப்போதும் இன்னொருவரோடு பங்கு போட்டுத்தான் வெற்றியாளர் என்றார்கள். அவர் மட்டுமே முதலிடம் என்று ஒப்புக்கொள்ள 2022 வரை ஆயிற்று. பழங்குடிகள் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று சட்டம் வந்ததே 1924-இல்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நன்றி பற்றிக் கேட்டீர்கள். அதே 1912 அணியில் ஆட்டத்தை நடத்தும் இடமான குவார்ட்டர்பேக்காக ஆடிய கஸ் வெல்ச், 200-க்கும் மேற்பட்ட மாணவர்களின் கையெழுத்தோடு பள்ளியை விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்தார். 1914-இல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து உட்கார்ந்தது. டிக்கெட் வசூலில் சேர்ந்த விளையாட்டு நிதிக்குக் கணக்குக் கேட்டது. வார்னர் பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியதையும் அடித்ததையும் ஆட்டக்காரர்களே வந்து சாட்சி சொன்னார்கள். பள்ளிக் கண்காணிப்பாளரின் பதவி போயிற்று. வார்னர் 1915-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார், அங்கேயும் ஜெயித்தார். 1918-இல் கார்லைலை மூடி, கட்டடத்தை மறுபடி ராணுவத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

இன்று திட்டுகிறார்கள் என்கிறீர்கள். ஐயா, அன்றைக்கே, அந்த அணியில் ஆடியவர்களே திட்டினார்கள், அதுவும் எழுத்துமூலமாக.