கொத்தனார் கொடுத்த சூப்

கேள்வி: இத்தாலிய யூத எழுத்தாளர் பிரிமோ லெவி, ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கைதியாக இருந்த அனுபவங்களை எழுதிய புத்தகத்தைப் படித்தேன். கொடுமைகளை எல்லாம் கண் கலங்காமல் கடந்துவிட்டு, லொரென்சோ வரும் பக்கத்தில் அழுதேன். ஏன் இப்படி?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: எனக்கும் அங்கேதான் தொண்டை அடைத்தது. லெவி வேதியியல் படித்தவர். கொடுமையை ஆய்வுக்கூடக் குறிப்பு மாதிரி எழுதுவார், அழவே விடமாட்டார். லொரென்சோ இத்தாலியக் கொத்தனார். யூதரல்ல, கைதியும் அல்ல; அங்கே கட்டட வேலைக்கு வந்தவர். லெவிக்கு ஆறு மாதம் தினமும் ரொட்டித் துண்டும் மிச்ச சூப்பும் கொடுத்தார். ஒட்டுப்போட்ட பனியன் ஒன்று. லெவிக்காக ஊருக்கு அஞ்சலட்டை எழுதி, பதிலையும் கொண்டுவந்தார். பைசா வாங்கவில்லை! லெவி தன் பிள்ளைகள் இருவருக்கும் அவர் பெயரையொட்டித்தான் பெயர் வைத்தார். லொரென்சோவோ ஊர் திரும்பியபின் குடியில் விழுந்து, 1952-ல் இறந்தார். இந்த முடிவை நீங்கள் படித்த புத்தகத்தில் தேடாதீர்கள். லெவி பின்னாளில் எழுதியது.