புதிய வெளி ஃபிளாஷை முதன்முதலில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

புதிய ஃபிளாஷைப் பொருத்தி எடுத்த முதல் படங்களில் முகம் வெளுத்தும் பின்னணி இருண்டும் வருகின்றன, கருவியில் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதாக இருக்காது. விளக்கு நேராக முகத்தைப் பார்ப்பதே காரணம். தொலைவு இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், 1 மீட்டரில் உள்ள முகத்துக்குப் போதுமான வெளிச்சம் 3 மீட்டரில் உள்ள சுவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

இரவில், வெள்ளையடித்த தாழ்வான கூரை உள்ள அறையில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, லென்ஸின் துளை எஃப் 4, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி, டிடிஎல் முறை (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிப்பது) என வைத்துக்கொண்டு, ஃபிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பி வீட்டில் ஒருவரைப் படமெடுங்கள். கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறிவிடுவதால், முகத்துக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒட்டியிருந்த நிழல் கரைந்து, கன்னத்தின் வளைவு தெரியத் தொடங்கும். கூரை பச்சையாக இருந்தால் அந்தச் சாயல் தோலிலும் ஏறிவிடும் என்பதால், நிறமடித்த அறையை முதல் நாளில் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஷட்டரை மட்டும் 1/30 நொடிக்கு இறக்குங்கள். ஃபிளாஷ் அதைவிட மிகக் குறுகிய நேரத்தில் மின்னி மறைந்துவிடுவதால் முகத்தின் வெளிச்சம் ஏறக்குறைய மாறாது. பின்னால் எரியும் மின்விளக்கின் ஒளி மட்டும் கூடும். எனக்கு ஃபிளாஷ் பிடிபட்டதே இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான். எதிர்த்திசையில், ஷட்டரை வேகமாக்கிக்கொண்டே போய், பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டினால், அதிவேக ஒத்திசைவு (வேகமான ஷட்டருக்கு ஏற்ப ஃபிளாஷ் விட்டுவிட்டுத் தொடர்ந்து மின்னும் வசதி) இல்லாதபோது, படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும், அதுவும் பழுதல்ல.