சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்கு ஆள் வராதது பற்றி

வணக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்காக சனிக்கிழமை காலை வைத்த இலவசச் சர்க்கரைப் பரிசோதனைக்கு நான்கு பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள்.

முதலில் அந்தப் படிவம். அதில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் (அமெரிக்க அரசு ஆளுக்கு ஒன்றாகத் தரும் அடையாள எண்) முழு முகவரியும் கேட்டிருக்கிறீர்கள். குடியேற்ற நிலை வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் அதைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார். இன்றே எடுத்துவிடுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்களில் பலருக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான். பாதிரியாரிடம் கேட்டு, ஞாயிறு ஸ்பானிஷ் பூசை முடிந்ததும் தேவாலய வளாகத்திலேயே வையுங்கள்.

அப்புறம், புரோமொதோராக்கள். அதே தெருவில் வாழ்ந்து, பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய்ப் பேசும் பெண்கள். ஆயிரம் துண்டறிக்கையைவிட அப்படி ஒருவர் மேல். மெக்சிகோ துணைத் தூதரகத்தில் ‘வென்தானீயா தே சலூத்’ என்ற உடல்நல வழிகாட்டி மேசை உண்டு, அங்கே விசாரியுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அம்மாவின் மாதவிடாயைப் பற்றிப் பத்து வயதுப் பையன் எப்படிக் கேட்பான்?

சரி, ஒருவருக்குச் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தால் எங்கே அனுப்புவீர்கள்? கூட்டாட்சி நிதி பெறும் சமூக சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பார்கள். முகாமுக்கு முன்பே ஒரு மையத்தோடு பேசி வையுங்கள்.