மலத்தில் வரும் சோள முத்தும் காலடியில் வைக்கும் ஒத்தடப் பையும்

கேள்வி: எனக்கு வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். மாலையில் நொறுக்குத்தீனியை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் அவித்த ஸ்வீட்கார்ன் சாப்பிடுகிறேன். மறுநாள் மலத்தில் முத்துக்கள் முழுசாக வருகின்றன. ஜீரண சக்தியே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. காய்ந்த சோளத்தைத் துணிப்பையில் போட்டுத் தைத்து, மைக்ரோவேவில் சூடாக்கித் தோள்வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும் இருப்பதால் படுக்கும்போது காலடியிலும் அதை வைத்துக்கொள்வேன். மூன்று வயதுப் பேத்திக்குப் பாப்கார்ன் என்றால் உயிர். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். இன்று இரவு அந்தப் பையைக் காலடியில் வைக்காதீர்கள். நாளையும் வேண்டாம், இனி எப்போதுமே வேண்டாம்.

மதமதப்பு என்றால் பாதத்து நரம்புகளின் உணர்வு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சூடு அதிகமானால் காலை இழுத்துக்கொள்ளச் சொல்வது அந்த நரம்புகள்தான். அவை மழுங்கியிருக்கும்போது தோல் வெந்துகொண்டிருந்தாலும் உங்களுக்கு இதமாகத்தான் தெரியும். 44 டிகிரி செல்சியஸ் என்பது கையால் தொட்டால் பெரிய சூடாகவே தெரியாது. ஆனால் அந்தச் சூடு ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பட்டால் தோல் புண்ணாகிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் குதிகாலில் ஒரு கொப்புளம் இருக்கும், வலி இருக்காது. வலி இல்லை என்பதால் அதைக் கவனிக்காமல் நடந்து, அது உடைந்து, சீழ் பிடித்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நிறைய பேர். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாதம் சில்லென்று இருந்தால் தளர்வான பருத்தி சாக்ஸ் போதும்.

இந்த வாரமே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிடத்தில் முடிகிற சோதனைதான். கூடவே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும், அந்தக் குறைவும் இதே மதமதப்பைக் கொடுக்கும். சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிடாமல் இதைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் பி12 குறைவை ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்ய முடியும். இதைப் படித்துவிட்டு மெட்பார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தோளுக்கு ஒத்தடம் கொடுக்கலாம். காய்ந்த சோளத்திலும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சூடாகும்போது அது வெளியே வருவதால் ஒத்தடம் ஈரச்சூடாக இருக்கிறது, இறுகிய தசைக்கு அது இதம். ஆனால் பை முழுப் பருத்தியாக இருக்கட்டும், இரும்பு ஜிப், பட்டன் எதுவும் வேண்டாம். பாப்கார்ன் ரகச் சோளத்தைப் போடாதீர்கள், உள்ளேயே பொரிந்துவிடும். அரை அரை நிமிடமாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் பையைக் குலுக்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெளியே வெதுவெதுப்பாக இருந்தாலும் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கலாம். விரல் நுனியிலும் உங்களுக்கு உணர்வு குறைந்திருக்கக்கூடும் என்பதால் வீட்டில் வேறு ஒருவரை முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் போதும். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது மணியின் ஈரம் வற்றிக்கொண்டே போகும், நன்றாக வறண்ட மணி கருகித் தீப்பிடிக்கவும் செய்யும். பை முழுக்க ஆறிய பிறகுதான் மறுபடி சூடாக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் அந்தச் சோளத்தைக் கொட்டிவிட்டு வேறு போடுங்கள்.

தோளைப் பற்றி இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் மூட்டு இறுகிப் போவது மற்றவர்களைவிட அதிகம். கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை, பின்னால் கொண்டுபோக முடியவில்லை என்றால் ஒத்தடத்தோடு நிற்காமல் காட்டிவிடுங்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ தோளில் வலி வந்து, வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். உங்கள் ஜீரண சக்தி எங்கேயும் போகவில்லை. சோள மணியின் மேல்தோல் செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருள்களால் ஆனது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே சுரப்பதில்லை. மெல்லும்போது தோல் கிழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் மாவு ஜீரணமாகிவிடும். நீங்கள் முழு முத்து என்று நினைப்பது பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல்தான், மஞ்சள் நிறம் அப்படியே இருப்பதால் முழுசாகத் தெரிகிறது. அவசரமாக விழுங்கினால் சில மணிகள் நிஜமாகவே முழுசாகவும் வரும், அதிலும் கெடுதல் இல்லை. பொறுமையாக மென்று சாப்பிடுங்கள், போதும். பல் ஆட்டம் கண்டிருந்தாலோ பல்செட் சரியாகப் பொருந்தவில்லை என்றாலோ அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இந்தத் தோலை வைத்து ஒரு பயனுள்ள கணக்கும் போடலாம். ஒரு வாரம் சோளமே சாப்பிடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் சாப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் மலத்தில் எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வந்துவிடும். அதற்கு மேலானால் மலச்சிக்கல். அரை நாளுக்குள் வந்து, மலமும் தண்ணீராகப் போனால் குடல் வேகமாக ஓடுகிறது. மெட்பார்மின் சிலருக்கு இப்படிச் செய்யும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடுகிறது, மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் மலம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் மலம் போகும் பழக்கம் மாறியிருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பெருங்குடலில் சின்னச் சின்னப் பைகள் உண்டாகியிருப்பவர்களிடம், பாப்கார்னும் சோளமும் அதில் சிக்கிக்கொள்ளும், தொடாதே என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2008ல் வெளிவந்தது. பாப்கார்ன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பைகளில் அழற்சி கூடவில்லை என்று அதில் தெரிந்தது. அந்தப் பயமும் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு கிண்ணம் என்பது உங்களுக்குக் கொஞ்சம் அதிகம். அரை கப் அவித்த மணியில், அதாவது சுமார் 80 கிராமில், ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கிண்ணம் பெரிதாக இருந்தால் நீங்கள் 30 கிராமைத் தாண்டிவிடுவீர்கள். நொறுக்குத்தீனியைவிட இது எவ்வளவோ மேல், அந்த மாற்றத்தை விட்டுவிடாதீர்கள். அரை கப்போடு நிறுத்தி, கூட ஒரு கைப்பிடி கடலையோ பயறோ சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள், உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். கார்ன்ஃப்ளோர் கரைத்துக் கெட்டியாக்கிய சூப்பை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். தோலும் முளையும் நீக்கிய வெறும் மாவு அது, சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும்.

கடைசியாகப் பேத்தி. நான்கு வயது முடியும்வரை பாப்கார்ன் கொடுக்காதீர்கள். பல் முளைத்திருந்தாலும் அரைத்து மெல்லும் பழக்கம் அந்த வயதில் முழுசாக வந்திருக்காது. பொரியின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலும், பாத்திரத்தின் அடியில் பொரியாமல் கிடக்கும் மணியும் மூச்சுக்குழாய்க்குள் போக ஏற்ற அளவில் இருக்கின்றன. அவித்த ஸ்வீட்கார்னை லேசாக மசித்து, உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து கொடுக்கலாம். ஒத்தடப் பையையும் அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தையல் விட்டால் மணிகள் சிதறும், மூக்குக்கும் காதுக்கும் அவை போக அதிக நேரம் ஆகாது. காய்ந்த மணி ஈரத்தில் ஊதும், அதனால் தண்ணீரோ எண்ணெயோ விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சாப்பிடும்போது புரையேறினால், அவள் சத்தமாக இருமுகிறவரை இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால் உடனே குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். புரையேறி அடங்கிய பிறகு குழந்தை சாதாரணமாக விளையாடினாலும், இருமல் விடாமல் இருந்தாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அன்றே கூட்டிப்போங்கள். சோளத்துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், சோளம் சாப்பிடும்போது புரையேறியது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.