‘குறைந்தது 12’ என்றால் எந்தக் குறி?

≥ (அதிகம் அல்லது சமம்), ≤ (குறைவு அல்லது சமம்) போன்ற குறிகள் வரும் அசமன்பாட்டு வாக்கியக் கணக்குகளைப் பற்றி மாணவர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் என் பதில்கள். மு என்பது முறுக்கு டின்களின் எண்ணிக்கை, அ என்பது அதிரசப் பெட்டிகளின் எண்ணிக்கை.

ஈசூனிலிருந்து ஓர் அம்மா: ‘குறைந்தது 12 டின்’ என்றால் என் மகன் ≤ போட்டுவிடுகிறான். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அவனைத் திட்டாதீர்கள். ‘குறைந்தது’ என்ற சொல்லுக்குள்ளேயே குறைவு உட்கார்ந்திருக்கிறது, கை தானாக அந்தப் பக்கம் போகிறது. குறியை எழுதுவதற்கு முன் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 11 டின் கொடுத்தால் கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா? மாட்டார். 12? சரி என்பார். 13? அதுவும் சரி. அப்படியானால் மு ≥ 12.

உட்லண்ட்ஸ், உயர்நிலை 3 மாணவி: ‘முறுக்கு டின்கள் அதிரசப் பெட்டிகளைப்போல் குறைந்தது இரு மடங்கு.’ 2மு ≥ அ என்று எழுதினேன். தப்பாம், ஏன் சார்?

இங்கும் எண்ணைப் போட்டுப் பாரம்மா. அதிரசம் 10 பெட்டி, முறுக்கு 5 டின். கணக்கின்படி இது கூடாது. ஆனால் நீ எழுதியதில் 2 × 5 = 10, அது 10-க்குச் சமம், தாராளமாக உள்ளே விட்டுவிடுகிறது. மு ≥ 2அ என்பதே சரி. எது அதிகமாக இருக்க வேண்டுமோ அதன் பக்கத்தில் 2-ஐப் போடத் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தெம்பனிஸிலிருந்து ஓர் அப்பா: முழுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுங்களேன்.

தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். முறுக்கு ஒரு டின்னுக்கு 20 நிமிடம், 4 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாமான். அதிரசம் ஒரு பெட்டிக்கு 30 நிமிடம், 3 வெள்ளி. கையில் 10 மணி நேரமும் 90 வெள்ளியும் இருக்கின்றன. லாபம் டின்னுக்கு 5 வெள்ளி, பெட்டிக்கு 6 வெள்ளி. லாபம் மிக அதிகமாக வர எத்தனை டின், எத்தனை பெட்டி செய்ய வேண்டும்?

நேரம்: 20மு + 30அ ≤ 600, சுருக்கினால் 2மு + 3அ ≤ 60. மணியை நிமிடமாக்க மறந்தால் எல்லாமே கெட்டுவிடும். பணம்: 4மு + 3அ ≤ 90. அப்புறம் மு ≥ 0, அ ≥ 0. கேள்வியில் சொல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டு கோடுகளையும் வரையுங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் நேரமும் பணமும் மீறாது, ஆகவே (0, 0) இருக்கும் பக்கமே நம் பக்கம். கோடுகள் வெட்டுவது மு = 15, அ = 10-இல். அங்கே லாபம் 75 + 60 = 135 வெள்ளி. அதிரசம் மட்டும் 20 பெட்டி என்றால் 120. முறுக்கு மட்டும் என்றால் 22.5 டின் வருகிறது. அரை டின் விற்க முடியாது, 22-க்கு 110 வெள்ளிதான்.

எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்ட பகுதியின் மூலைகளை மட்டும் ஏன் பார்க்கிறோம்? 5மு + 6அ = 60 என்ற கோட்டின்மேல் ரூலரை வைத்து, சாய்வு மாறாமல் மெல்ல மேலே தள்ளுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போகும். ரூலர் அந்தப் பகுதியை விட்டு விலகுமுன் கடைசியாகத் தொடுவது (15, 10) என்ற மூலையை. மாணவர்கள் இதைத் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும்.

ஜூரோங், மாணவன்: தசமம் வந்தால் எப்போதும் கீழே இறக்கிவிடலாமா?

கூடாது. புலாவ் ஊபின் தீவுக்கு 50 பேர் போகிறீர்கள், படகுக்கு 12 பேர். 12ப ≥ 50 என்றால் ப 4.16-க்கு மேல். 4 படகு என்றால் இரண்டு பேர் சாங்கி படகுத்துறையிலேயே நிற்பார்கள். 5 வேண்டும்.

பொங்கோலிலிருந்து ஓர் அம்மா: இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது?

1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர், 77 உணவுப் பொருள்களிலிருந்து 9 வகைச் சத்துகளும் குறையாமல் ஒருவருக்கு மிக மலிவான சாப்பாட்டுத் திட்டத்தைத் தேடினார். ஒவ்வொரு சத்துக்கும் ஒரு ‘குறைந்தது’. ஏறக்குறைய ஊகித்து, ஆண்டுக்கு 39.93 டாலர் என்றார். 1947-இல் கணித அறிஞர் ஜார்ஜ் டான்சிக் உருவாக்கிய, மூலை மூலையாகச் சென்று சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையில் அதே கணக்கைக் கையால் இயக்கும் மேசைக் கணக்கிடும் இயந்திரங்களில் போட்டபோது 39.69 டாலர் வந்தது. வித்தியாசம் 24 காசு.