இரண்டு வயதுக் குழந்தைக்குக் கழிவறைப் பழக்கம்: படநூல்கள் உதவுமா?

தருமபுரியில் வசிக்கும் நீங்கள், இரண்டு வயது மகளுக்குக் கழிவறைப் பழக்கத்தைக் கற்பிக்கப் படநூல்கள் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படும்; ஆனால் நூல் அச்சத்தைக் குறைக்குமே தவிர, தானாகப் பழக்கத்தை உண்டாக்கிவிடாது. பெரும்பாலான குழந்தைகள் 18 முதல் 36 மாதங்களுக்குள் இதற்கு ஆயத்தமாகிறார்கள். இரண்டு மணி நேரமாவது உடை நனையாமல் இருப்பதும், ‘ஆய் வருது’ என்று சொல்லவோ சைகை காட்டவோ தெரிவதும் அதற்கான அறிகுறிகள்.

கடைகளில் கிடைக்கும் நூல்கள் பலவற்றில் மேலைநாட்டு இருக்கையும் காகிதச் சுருளுமே வரையப்பட்டிருக்கும். குந்தி அமரும் கழிவறையையும் வாளியையும் குவளையையும் அன்றாடம் பார்க்கும் குழந்தைக்கு அது வேறோர் உலகம். ஆகவே உங்கள் வீட்டுக் கழிவறை, வாளி, சோப்பு ஆகியவற்றைச் செயல் நடக்கும் வரிசையிலேயே கைபேசியில் படமெடுத்து, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதேனும் ஒரு ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் அச்சிட்டு, எட்டுப் பக்க நூலாகத் தைத்துவிடுங்கள். (பாட்டி தம் பாதங்களின் மேல் குழந்தையை அமர்த்தும் பழைய முறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.)

உணவுக்குப் பின் குடல் அசைவு மிகுவதால், காலையில் களியோ இட்லியோ உண்ட அரைமணி நேரத்துக்குள் நூலைப் படித்துக்காட்டி உட்கார வையுங்கள். வரவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம். மலச்சிக்கல் இருந்தால், நூலை மூடிவைத்துவிட்டு முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.